தேடிய தேட்டம்

கணநாதரின் கந்தோரில்
நான் அடிப்பது பெரும்பாலும் விவாகரத்து.
இந்த ஆவணிக்குள் நாற்பத்தொரு வழக்கு.
கடைசியாய் வந்தது பதினொரு மாதக் கலியாணம்.
அல்பம் இன்னும் ஸ்டூடியோவில் கிடக்கிறதாம்,
மிச்சக் காசை யார் கட்டுவதென்றும் பிணக்கு.

மத்தியானம் நீதிமன்றம் கலைந்து வந்தவர்கள்
பேப்பரை விரித்தார்கள்.
எங்கோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு சட்டம்.
"பொம்பிளையும் பொம்பிளையும் எண்டால்
ரெண்டு வருசம் தாண்டாது.
நிலைக்காத ஒண்டுக்கு என்னத்துக்குச் சட்டம்?"
இது கணநாதர்.
"சட்டம் குடுத்தால்தானே ஐயா நிலைக்கும்?"
இது புதிதாய்ச் சேர்ந்த நிறோஜன்.
"பிள்ளை, பிளேன்ரீ" என்றார்கள் இருவரும்.
பிள்ளை என்றால் நான். வயது நாற்பத்தாறு.
கணநாதரின் கோப்பையில்
ஒரு கரண்டி சீனி கூட விழுந்துவிட்டது.

அந்தப் பதினொரு மாதத்தைக் காட்டி
இனி ஆணும் பெண்ணும் கட்டக்கூடாதென்று
ஒருவரும் வாதாடிக் கேட்டதில்லை.

கொண்டாவிலில் ஒரு வீடு.
சுகிர்தாவுக்குச் சீதனமாய் எழுதியது,
மாப்பிள்ளை வராமல் மிஞ்சியது.
முன்னறைக்கு வாடகை ஆளாய்ப் போனேன்.
பதினெட்டு வருசம்.
முதல் நாலு மாதம் காசும் கொடுத்தேன்,
ரசீது வைத்திருக்கிறாள்.

நிலைத்தோம் என்று மார்தட்ட வரவில்லை நான்.
கனடாத் தமையன் பேசிய சம்பந்தத்துக்கு
எனக்குச் சொல்லாமல் அவள் படம் அனுப்பிய வருசம்
ஒரு பையோடு வவுனியா பஸ்ஸில் ஏறினேன்.
மற்ற வீடுகளில் இதற்கென்று ஆட்கள் வருவார்கள்.
பெரியப்பா வருவார், மாமன் முறை வரும்,
தாய் மூக்கைச் சிந்துவாள்,
சரிகிற மதிலுக்கு ஊரே முட்டுக்கொடுக்கும்.
எங்களைச் சேர்த்துவைக்க ஒருவரும் வரவில்லை.
பிரிந்ததே ஒருவருக்கும் தெரியாது.
கிளிநொச்சியில் பஸ் நின்றபோது கோல் எடுத்தாள்:
"பிறசர் மருந்தை வைச்சிட்டுப் போட்டாய்."
அவ்வளவுதான்.
திரும்பிய பஸ்ஸில் சீட் இல்லை.
நின்றபடியே வந்தேன்.

டெங்கில் அவள் பெரியாஸ்பத்திரியில் கிடந்த அன்று
தாதி பேனையை எடுத்தாள்:
"நோயாளி உங்களுக்கு என்ன முறை?"
"வீட்டுக்காரி" என்றேன்.
"ஓ, வாடகைக்கு இருக்கிறியளோ" என்று
அப்படியே எழுதிக்கொண்டாள்.
பொய் சொல்லவில்லை நான்.
அந்த ஒரு சொல்லுக்காகத் தமிழுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.
ஆனால் சொந்தக்காரருக்கு மட்டும்தான் உள்ளே இடம்.
கதவுக் கண்ணாடியால்
சேலைன் சொட்டுவதை எண்ணிக்கொண்டு நின்றேன்.
எண்ணூற்றுச் சொச்சத்தில் தவறிவிட்டது.

தேசவழமையில் ஒரு சொல் உண்டு,
நாளைக்கு நாலு தரமாவது அடிக்கிறேன்:
தேடிய தேட்டம்.
புருசனும் பெண்சாதியும் கூடி இருந்த காலத்தில்
தேடிச் சேர்த்தது.
எங்களுடையது ஒரு பிரிட்ஜ்,
தவணைக்கு எடுத்த ஸ்கூட்டி,
சீட்டுக் காசில் கட்டிய குளியலறை,
போன வருசம்தான் காய்த்த
கறுத்தக்கொழும்பான் ஒட்டுமரம்.
அவளுடைய குறட்டை இதில் சேராது.
அது முதுசம், தகப்பன் வழி.
நாளைக்கு அவளுக்கு ஒன்றென்றால்
மாமரம் கனடாவுக்குச் சொந்தம்.
அடித்துக் கொடுப்பதும் நானாய்த்தான் இருக்கும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால்
மோட்டர் காற்றுப் பிடித்துக் கிடக்கிறது.
ஒரு ஆள் வாய்க்குள் தண்ணீர் ஊற்றவேண்டும்,
ஒரு ஆள் சரியான நேரத்தில் சுவிட்ச் போடவேண்டும்.
இரண்டாம் தரமும் இறைக்கவில்லை.
"கணநாதர் இண்டைக்கு என்னவாம்?"
"நாங்கள் ரெண்டு வருசம் தாண்டமாட்டமாம்."
"வாளியை நேராப் பிடி" என்கிறாள்.